மைப்பேனாவுக்கு நல்ல நோட்டு: காசு தாளுக்குப் போகிறதா, அட்டைக்குப் போகிறதா?

மைத்துளி

வணக்கம் நண்பர்களே. நான்கு வருடமாக மைப்பேனாவில்தான் எழுதுகிறேன். தினமும் இரண்டு மூன்று பக்கம் நாட்குறிப்பு, அது போக வேலைக்கான குறிப்புகள். பேனாவில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், மூன்று போதும் என்று நிறுத்தியாயிற்று. நோட்டில்தான் இன்னும் தடுமாற்றம்.

போன மாதம் ஒன்று வாங்கினேன். கெட்டி அட்டை, நாடா, எலாஸ்டிக் பட்டை, பின்னால் ஒரு சின்னப் பை என்று சகல அலங்காரமும் இருந்தது. பெயர் வேண்டாம். விலை மட்டும் நல்ல விலை. முதல் பக்கத்தில் எழுதினேன். இரண்டாம் பக்கம் முழுக்க ஊறி, மூன்றாம் பக்கத்தில் புள்ளி புள்ளியாக மை. 192 பக்கம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. எனக்குக் கிடைத்தது 96 பக்கம்.

என் கேள்வி இதுதான். விலை ஏறினால் தாளும் நன்றாக இருக்கும் என்ற கணக்கு செல்லுமா? ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) அதிகமாக இருந்தால் போதுமா? நிறைய எழுதுகிறவர்கள் நீங்கள் என்ன வாங்குகிறீர்கள்? அழகுக்காக அல்ல, எழுதித் தீர்ப்பதற்காகக் கேட்கிறேன்.

தாள்கிறுக்கன்

உங்கள் 96 பக்கத்திலேயே பதில் இருக்கிறது. நோட்டு விலையை நோட்டு விலையாகப் பார்க்காதீர்கள். எழுதக்கூடிய ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

ஊறுகிற நோட்டின் விலையை 1 என்று வையுங்கள். கிடைப்பது 96 பக்கம். இன்னொன்று ஒன்றரை மடங்கு விலை, 160 பக்கம், இரண்டு பக்கமும் எழுதலாம். 160ஐ ஒன்றரையால் வகுத்தால் 106 சொச்சம். அதாவது அதே காசுக்கு 106 பக்கம். விலை கூடியதுதான் மலிவு.

இன்னொரு பொறி: சிலர் அட்டையில் பக்கத்தைப் போடுவார்கள், சிலர் தாளைப் போடுவார்கள். ரோடியாவின் 16ஆம் எண் பேடில் 80 தாள், அதாவது 160 பக்கம். லாய்ஷ்ட்டுர்ம் 1917இன் ஏ5 நோட்டில் பக்க எண்ணே அச்சிட்டு 251 வரை போகும். முதலாவதைப் பார்த்து "வெறும் 80தானா" என்று ஒதுக்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரி, நானே ஒரு முறை ஒதுக்கியிருக்கிறேன்.

வரிக்கு வரி

தாள்கிறுக்கன் சொன்னதை ஒரு படி மேலே கொண்டுபோகலாம். பக்கத்தை விட்டுவிட்டு வரியை எண்ணுங்கள்.

ஏ5 பக்கத்தின் உயரம் 210 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 30 போனால் 180. எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்டால் 22 வரி. ஆறு மில்லிமீட்டரில் 30 வரி. 160 பக்க நோட்டில் முதலாவது 3520 வரி, இரண்டாவது 4800 வரி. இடைவெளி குறைந்ததாலேயே உங்களுக்கு ஏறத்தாழ 58 பக்கம் இலவசம்.

ஜப்பானிய நோட்டுகளில் ஏ என்றால் 7 மி.மீ., பி என்றால் 6 மி.மீ. என்று அட்டையிலேயே இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

நிப்பு நாயகம்

> ஆறு மில்லிமீட்டரில் 30 வரி

பிராட் (அகலமான) நிப்பில் ஆறு மில்லிமீட்டரில் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? என் "அ"வே அதில் அடங்காது. சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கி, கீழே வால் எல்லாம் உண்டு. உங்கள் கணக்கு ஜப்பானிய ஃபைன் நிப்புக்குச் சரி. அது மேற்கத்திய ஃபைனைவிடச் சன்னம். எல்லோருக்கும் சொல்லாதீர்கள்.

வரிக்கு வரி

ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதுவது எக்ஸ்ட்ரா ஃபைன். கோட்டுக்குப் பதில் புள்ளி போட்ட புள்ளித்தாள் வாங்கினால் இந்தச் சண்டையே வராது, அவரவர் கைக்கு ஏற்ப இடைவெளி விட்டுக்கொள்ளலாம்.

பழைய மைக்கூடு

தம்பி மைத்துளி, எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள், யாரும் உன் பேனாவில் என்ன மை என்று கேட்கவில்லை. நான் கேட்கிறேன். என்ன பேனா, என்ன நிப், என்ன மை?

மைத்துளி

மீடியம் நிப் ஐயா. நன்றாகவே மை விடும். நீலம், பளபளவென்று சிவப்பு மினுக்கம் வரும் வகை.

பழைய மைக்கூடு

நினைத்தேன். மினுக்கம் வரும் மையில் சாயம் கெட்டியாக இருக்கும். தாராளமாக மை விடும் நிப்பில் அதை ஊற்றினால் பாதித் தாள்கள் தாங்காது.

புதிதாக நோட்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு புட்டி மை வாங்கிப் பார். பெலிக்கன் 4001 வரிசை வறண்ட மை, குறைவாகத்தான் இறங்கும். அதிலும் நீலக்கறுப்பு, இரும்பு உப்பு கலந்த இரும்பு மை. பிளாட்டினம் நீலக்கறுப்பும், ரோரர் கிளிங்னரின் சாலிக்ஸ், ஸ்காபியோசா இரண்டும் அதே ஜாதி. இரும்பு மை தாளில் அகலமாகப் பரவாது, பிசிறடிப்பது குறைவு, மறுபக்கம் ஊறுவதும் குறைவு. சுமாரான தாளில்கூட எழுத்து விளிம்பு சுத்தமாக நிற்கும். ஒன்றே ஒன்று, பேனாவுக்குள் காயவிடக் கூடாது. வாரக்கணக்கில் எழுதாமல் வைப்பதாக இருந்தால் கழுவி வை.

ஒரு புட்டி 50 மில்லி என்றால் பல மாதம் வரும். அந்தக் காலம் முழுக்க நீ சாதாரண நோட்டிலேயே எழுதலாம். அந்தச் சேமிப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இடக்கைக்காரி

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் மை மாற்ற மனமில்லாதவர்களும் இருக்கிறோம். நானெல்லாம் நிறத்துக்காகத்தான் மைப்பேனாவுக்கே வந்தேன். :)

இடது கையால் எழுதுகிறவள் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் வழவழப்பான தாள்கள் மையை உறிஞ்சாது. உறிஞ்சாததால்தான் அந்த மினுக்கம், அந்த நிற ஏற்ற இறக்கம் எல்லாம். அதே காரணத்தால் காயவும் நேரமெடுக்கும். நான் ஒரு வரி முடித்து அடுத்த வரிக்கு வருவதற்குள் உள்ளங்கை நீலமாகிவிடும். ஜப்பானின் தோமோயே ரிவர் தாளில் ஒரு பக்கம் எழுதிவிட்டு ஒற்றுத்தாள் வைக்காமல் மூடினால் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பம் மாதிரி பதிந்துவிடும்.

"சிறந்த தாள்" என்ற பட்டியலை நம்பி வாங்கி, கடைசியில் பாதி விலைக்கு நண்பர்களிடம் தள்ளிவிட்ட நோட்டுகள் எனக்கு மூன்று. எனக்குச் சரிப்பட்டது கொஞ்சம் சொரசொரப்பான மிடோரி எம்டி நோட்டு. வேகமாக எழுதுகிறவர்களும் இதைக் கவனியுங்கள், இடது கைக்கு மட்டும் வரும் தொல்லை அல்ல இது.

தாள்கிறுக்கன்

ஜிஎஸ்எம் பற்றிக் கேட்டிருந்தாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஜிஎஸ்எம் என்பது எடை மட்டும்தான். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம், அவ்வளவே. மை ஊறுமா என்பதை அது சொல்லாது. தோமோயே ரிவர் 52 கிராம் தாள். கையில் பிடித்தால் பட்டுப்போல் மெல்லிசு, பின்னால் எழுதினது நிழலாகத் தெரியும், ஆனால் மை ஊறாது. 100 கிராம் தாள் என்று பெருமையாகப் போட்டுக்கொண்டு பஞ்சுபோல் குடிக்கிற நோட்டுகளும் உண்டு.

வித்தியாசம் சைசிங்கில் இருக்கிறது. தாள் கூழிலேயே தண்ணீரை விலக்கும் பொருளைக் கலப்பார்கள், அது உள் சைசிங். தாளாக உருவான பிறகு மேலே மாவுப்பொருள் பூசுவார்கள், அது மேல் சைசிங். இவை சரியாக இருந்தால் மை மேலேயே நின்று காயும். குறைவாக இருந்தால் இழைகளின் வழியே ஓடும். பக்கவாட்டில் ஓடினால் பிசிறு, கீழே இறங்கினால் ஊறல். தாள் ஆலைகளில் இதை அளக்க காப் சோதனை என்று ஒன்று உண்டு. தாளின் மேல் தண்ணீர் நிறுத்தி, பெரும்பாலும் 60 விநாடியில், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் குடிக்கிறது என்று பார்ப்பார்கள். எந்த நோட்டு அட்டையிலாவது இந்த எண்ணைப் போட்டால் இந்த விவாதத்துக்கே வேலை இருக்காது!

வீட்டில் செய்ய எளிய வழி: கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர். முத்துமாதிரி நின்றால் நல்லது. உடனே கறையாகி விரிந்தால் அதில் பால்பாயின்ட்தான்.

நிழல் தெரிவதும் ஊறுவதும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிழல் தெரிந்தாலும் பின்பக்கம் எழுதலாம். லாய்ஷ்ட்டுர்மின் 80 கிராம் தாளில் நிழல் தெரியும், எனக்கு உறுத்தியதில்லை. உறுத்துகிறவர்களுக்கு அவர்களே 120 கிராமில் ஒன்று போடுகிறார்கள், பக்கம் 203 ஆகக் குறையும்.

புதுப்பேனா

நோட்டில் எத்தனை ஜிஎஸ்எம் என்றே போடவில்லை என்றால்?

தாள்கிறுக்கன்

எடை போடுங்கள். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 80 கிராம் தாள் என்றால் ஒரு ஏ4 ஐந்து கிராம், ஏ5 இரண்டரை கிராம். 160 பக்க ஏ5 நோட்டில் உள்ள 80 தாளும் சேர்ந்து 200 கிராம். அட்டைக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் விற்பவர்கள் எடையைப் போடுவதால் வாங்காமலேயே கணக்குப் பார்க்கலாம். மெல்லிய தாளின் லாபமும் இதில் தெரியும்: 400 பக்க ஏ5 நோட்டு 80 கிராம் தாளில் அட்டை இல்லாமலே அரைக் கிலோ, 52 கிராம் தாளில் 325 கிராமுக்குள் முடிந்துவிடும். தினமும் பையில் சுமக்கிறவர்கள் இதையும் காசாகவே நினைக்கலாம்.

கட்டுநூல்

அட்டை பற்றி நான் பேசுகிறேன். பொழுதுபோக்காக நோட்டு கட்டுகிறவன்.

தலைப்பிலேயே சரியான கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கெட்டி அட்டை, நாடா, பட்டை, பை இவற்றுக்கெல்லாம் கூலியும் பொருளும் உண்டு, அது நியாயம்தான். ஆனால் எழுதுவது தாளில். அதே ஆலையின் அதே தாள் எளிய அட்டையில் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

கிளேர்ஃபோன்டேன் 1858இல் தொடங்கிய பிரெஞ்சுத் தாள் ஆலை. ரோடியா 1930களில் தனியாகத் தொடங்கி, 1997இல் அவர்கள் கைக்கு வந்தது. ரோடியாவின் தோல்மாதிரி அட்டை போட்ட வெப்நோட்புக்கில் 90 கிராம் கிளேர்ஃபோன்டேன் தாள்தான். கிளேர்ஃபோன்டேன் பெயரிலேயே பின் அடித்த மெல்லிய நோட்டுகள் வருகின்றனவே, அதிலும் 90 கிராம் தாள். ஒன்று தந்த நிறம், இன்னொன்று வெள்ளை. வழவழப்பில் பெரிய வித்தியாசம் நான் காணவில்லை, விலையில் கண்டேன். மிடோரி எம்டியிலும் அப்படியே: 176 பக்க ஏ5 நோட்டுக்கு அட்டையே கிடையாது, ஒரு மெல்லிய தாள் சுற்றி வரும். எம்டி லைட் என்று மூன்று மெல்லிய நோட்டுகளைச் சேர்த்தும் விற்கிறார்கள். ஒரு நல்ல உறையை ஒருமுறை வாங்கிவிட்டு உள்ளே மாற்றிக்கொண்டே இருக்கலாம். பத்து நோட்டு எழுதினால் பத்து அட்டைக்குக் காசு கொடுப்பதா?

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: கட்டு. நூலால் தைத்த நோட்டு விரித்தால் தட்டையாகக் கிடக்கும். பசை மட்டும் போட்டு ஒட்டினது நடுவில் மேடாக நிற்கும், அந்த மேட்டில் யாரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றரை சென்டிமீட்டர் ஓரம் வீண். 148 மி.மீ. அகலத்தில் அது பத்தில் ஒரு பங்கு. வரிக்கு வரி இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

வரிக்கு வரி

சேர்த்தாயிற்று. என் பசை நோட்டின் மானம் போயிற்று.

பழைய மைக்கூடு

கட்டுநூல், அச்சுத்தாளை வைத்து நீங்களே தைப்பதைப் பற்றி ஒரு முறை எழுதினீர்களே, அதைச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு உதவும்.

கட்டுநூல்

சொல்கிறேன் ஐயா. லேசர் அச்சு எந்திரத்துக்கான உயர்தரத் தாள் மைப்பேனாவுக்கு நன்றாக ஒத்துவரும். மைப்பேனாக்காரர்கள் ரொம்ப நாளாகப் பாராட்டும் எச்பி நிறுவனத்தின் பிரீமியம் 32 அந்த வகைதான். 32 என்பது பவுண்டு எடைக் கணக்கு, நம் கணக்கில் 120 ஜிஎஸ்எம். 24 பவுண்டு என்றால் 90. 500 தாள் ஏ4 கட்டு ஒன்றை நடுவில் மடித்தால் 2000 ஏ5 பக்கம். பக்கத்துக்கு ஆகும் செலவில் எந்த நோட்டும் இதன் பக்கத்தில் வராது.

பத்துத் தாளை ஒன்றாக மடித்து மடிப்பில் மூன்று துளை, நூலால் ஒரு தையல், 40 பக்கச் சிறு நோட்டு தயார். குறையும் சொல்லிவிடுகிறேன். ஏ4 தாளின் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். அதை ஏ5 ஆக மடிக்கும்போது மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும். 120 கிராமில் மடிப்பு முரண்டு பிடிக்கும், பக்கம் விறைப்பாகத் திரும்பும். எலும்பு மடிப்பானால் (மடிப்பைத் தேய்க்கும் தட்டைக் கருவி) அழுத்தித் தேய்த்து, ஒரு இரவு கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் ஓரளவு அடங்கும். 90 கிராம் என்றால் இவ்வளவு பிடிவாதம் இல்லை.

இடக்கைக்காரி

தைக்கச் சோம்பல் உள்ளவர்களுக்கு உதிரித் தாளும் வளையக் கோப்பும். கொக்குயோ, மாருமான் இருவரும் ஏ5இல் 20 துளை, பி5இல் 26 துளை போட்ட தாள் விற்கிறார்கள். எனக்கு இன்னொரு லாபம்: தாளைத் தனியே எடுத்து எழுதுவதால் வளையம் கையில் இடிக்காது. எழுதின தாளைக் காயவைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.

நிப்பு நாயகம்

அலுவலக நோட்டுகளை மறந்துவிடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு, பிளாக் அண்ட் ரெட் இரண்டிலும் ஆப்டிக் தாள் என்று 90 கிராமில் வரும். மைப்பேனா என்று அட்டையில் ஒரு வார்த்தை இருக்காது, ஆனால் பிராட் நிப்பை அழகாகத் தாங்கும். "மைப்பேனாவுக்கு உகந்தது" என்று அச்சிட்டாலே விலையில் ஒரு இலக்கம் கூடிவிடுகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

புதுப்பேனா

ஒரு நோட்டு பிடித்துவிட்டது என்றால் மொத்தமாகப் பத்து வாங்கிவிடலாமா? தள்ளுபடி வருகிறது.

தாள்கிறுக்கன்

பொறுங்கள். ஒரே பெயரில் தாள் மாறும். தோமோயே ரிவரைத் தோமோயேகாவா நிறுவனம் நிறுத்திக்கொண்ட பிறகு சான்சென் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. பழசுக்கும் புதுசுக்கும் மினுக்கத்திலும் காயும் நேரத்திலும் வித்தியாசம் உண்டு. பழையதே மேல் என்று ஒரு கட்சி, புதியதே மேல் என்று ஒரு கட்சி. பெயர்பெற்ற தாளுக்கே இப்படி என்றால், மலிவு நோட்டுகளில் ஒவ்வொரு தொகுதியும் ஒரு ரகம். ஒன்று வாங்கி, உங்கள் பேனாவும் உங்கள் மையும் வைத்து எழுதிப் பார்த்துவிட்டு, அதே தொகுதியில் ஐந்தாறு வாங்குங்கள்.

நிப்பு நாயகம்

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அலமாரியில் உறை பிரிக்காத நோட்டு பதினொன்று இருக்கிறது. எல்லாம் தள்ளுபடியில் வாங்கியவை. "நல்லதாக ஏதாவது எழுதலாம்" என்று எடுத்து வைத்தேன். எழுதுவதெல்லாம் பின் அடித்த நோட்டில்தான். பக்கத்துக்கு எவ்வளவு என்று தாள்கிறுக்கன் கணக்குப்படி பார்த்தால் எனக்கு வகுக்கவே எண் இல்லை.

வரிக்கு வரி

சுழியால் வகுக்க முடியாது நாயகம். :D

மைத்துளி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஐயா சொன்னபடி மை. பெலிக்கன் நீலக்கறுப்பு ஊற்றினேன். அந்த ஊறுகிற நோட்டில் மூன்றாம் பக்கப் புள்ளிகள் நின்றுவிட்டன, இரண்டாம் பக்கத்தில் கறை பாதிக்கும் குறைவு. முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் ஒரே மாற்றத்தில் இவ்வளவு என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் தண்ணீர்ச் சொட்டு. வீட்டில் இருந்த ஆறு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் வைத்தேன். நாட்குறிப்பு நோட்டு நொடியில் குடித்துவிட்டது. ஏதோ கூட்டத்தில் இலவசமாகக் கொடுத்த ஒரு நோட்டில் சொட்டு அப்படியே நின்றது! அதில் மினுக்க மை ஊற்றி எழுதினேன், பிசிறே இல்லை. யார் தயாரித்தது என்று அட்டையில் ஒரு எழுத்தும் இல்லை.

இப்போதைக்கு முடிவு: வேலைக்குறிப்புக்கு 90 கிராம் பின் அடித்த நோட்டு, இரும்பு மை. நாட்குறிப்புக்கு எம்டி, அதில் மட்டும் மினுக்க நீலம். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. எம்டியில் பக்கத்தின் கீழ்ப்பாதிக்கு வரும்போது பேனா விட்டு விட்டு எழுதுகிறது. மேலே எழுதும்போது ஒன்றும் இல்லை. தாளில் கோளாறா?

இடக்கைக்காரி

உங்கள் கைதான் கோளாறு. மேலே எழுதும்போது உள்ளங்கை கீழ்ப்பாதியில் கிடக்கிறது அல்லவா? தோல் எண்ணெய் தாளில் ஏறிவிடுகிறது, அதன் மேல் மை ஒட்டாது. கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்து எழுதுங்கள். பக்கம் மாற மாற அதையும் நகர்த்திக்கொண்டே போகலாம்.

மைத்துளி

வைத்தேன், சரியாகிவிட்டது. அந்த ஊறுகிற நோட்டில் இன்னும் 180 பக்கம் காலியாக இருக்கிறது. அதை என்ன செய்வது?

பழைய மைக்கூடு

பென்சிலில் எழுது தம்பி. மையைக் குடிக்கிற தாள் பென்சிலுக்கு நன்றாகப் பிடிக்கும். இரண்டு பக்கமும் எழுதலாம், 192ம் உனக்குத்தான்.

மைத்துளி

எழுதிப் பார்த்தேன் ஐயா, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எச்பி பென்சில் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. 2பி வாங்குவதா, 4பி வாங்குவதா?

நிப்பு நாயகம்

போச்சு.